மைக் வேண்டாம், ஒரு அக்கா போதும்

கேள்வி: நானும் என் தோழிகளும் ஊரில் அரசுப் பள்ளியில் படித்து, இப்போது சென்னையில் வேலை பார்க்கிறோம். அதே பள்ளிப் பெண்கள் ப்ளஸ் டூவோடு நின்றுவிடாமல் இருக்க, மாதம் ஒருமுறை போய்ப் பேசினால் போதுமா? பணம் கொடுப்பதுதான் உருப்படியான உதவி என்கிறார் என் கணவர்.
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சால்வை, மைக், குரூப் போட்டோ என்று முடிகிற கூட்டங்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்தாயிற்று.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் தப்பில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து வருகிறது. ஆனால் அந்தக் காசு கல்லூரியில் சேர்ந்த பிறகுதானே கைக்கு வரும்? பிள்ளை நழுவுவது அதற்கு முன்னால், மே, ஜூனில். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரில் ஒரு இனிஷியல் மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல் என்று இ-சேவை மையத்துக்கு நடையாய் நடக்க வேண்டிய அதே நேரத்தில்தான் மேட்டூரில் தண்ணீர் திறந்து, அம்மாவும் அப்பாவும் குறுவை வேலையில் வயலில் நிற்பார்கள். கூடப் போக ஆள் இல்லை, கடைசித் தேதி போய்விட்டது, அப்புறம் ‘சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம்’, அதற்குள் ஒரு வரன்.

ஜிம்பாப்வேயில் 1993-இல் 32 பெண்களைப் படிக்க வைத்துத் தொடங்கிய கேம்ஃபெட் அமைப்பு இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அங்கே வழிகாட்டிகளாகப் பள்ளிக்கு வருபவர்கள், அதே உதவியில் படித்து முடித்த உள்ளூர்ப் பெண்கள்தான். ஒரு பிள்ளை வகுப்புக்கு வருவதை நிறுத்தினால் வீடு தேடிப் போய் விசாரிக்கிறார்கள். சும்மா சேவை செய் என்றும் விட்டுவிடவில்லை, தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் கிடைக்க வழி செய்கிறார்கள்.

நீங்களும் அப்படியே செய்யலாம். உங்கள் ஊரிலிருந்து திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ கல்லூரிக்குப் போய்வரும் இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி இருப்பாள். நாலைந்து பிள்ளைகளுக்கு அவளை அக்காவாக்குங்கள், அவளுக்கு மாதாமாதம் ஒரு தொகையும் கொடுங்கள். அவளுக்குத் தெரியாததைக் கேட்டுச் சொல்லும் ஆளாக நீங்கள் போனில் இருந்தால் போதும். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, சந்திப்பைப் பள்ளியிலேயே வையுங்கள். முதலில் பேச வேண்டியது பிள்ளையின் அம்மாவிடம், அதுவும் அவர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்த பிறகு. 18 ஆகும் முன்னே கல்யாணப் பேச்சு முற்றிவிட்டால் அந்த அக்காவைப் பஞ்சாயத்துப் பேச அனுப்பாதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் பெண் பிள்ளைகளுக்குத்தானா? பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்?
- ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: ஒரு பாவமும் செய்யவில்லை. தமிழ்ப் புதல்வன் என்று அவர்களுக்கும் அதே 1,000 ரூபாய் 2024 ஆகஸ்டிலிருந்து வருகிறது. உங்கள் மகன் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.