நூல் செலவை மளிகைக் கணக்கில் எழுதலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. திருச்சியில் வசிக்கிறோம். கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். கைக்கு வருவது மாதம் 46,000 ரூபாய். மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. வீட்டுக் கடன் தவணை 14,500, பள்ளி மற்றும் டியூஷன் 7,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் 11,000, கரண்ட், போன், பெட்ரோல் 4,500, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. 4,000, எங்கள் தெருவில் ஒருவரிடம் 60,000 ரூபாய்ச் சீட்டுக்கு மாதம் 3,000. இருபது மாதச் சீட்டு, எட்டு மாதம் கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. வங்கியில் 60,000 டெபாசிட் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் ஆரி வேலை கற்றுக்கொண்டேன். மதியம் ஒரு மணிக்கு மேல் வீடு அமைதியாகிவிடும். ஜன்னலோரம் ஃப்ரேமை வைத்து உட்கார்ந்தால் மூன்று மணி வரை நேரம் போவதே தெரியாது. பட்டு நூல், சமிக்கி, மணி என்று மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. அதை மளிகையோடு சேர்த்து எழுதி வந்தேன். போன மாதம் நூல் கடை பில் கணவர் கையில் சிக்கிவிட்டது. ஒரே சண்டை. அவர் மட்டும் பழைய ரேடியோக்களை வாங்கிப் பிரித்துப் போடலாம். அது செலவில்லையாம்!

இப்போது, "இவ்வளவு செலவு பண்றதுக்கு இதையே தொழிலா பண்ணு" என்கிறார். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கச் சொல்கிறார் நாத்தனார். கடையில் 1.5 லட்சம் விலை சொன்னார்கள். என் சங்கிலியை அடகு வைத்தால் அந்தப் பணம் கிடைக்கும். ஒரே ஒரு முறை சித்தி மகளின் கல்யாணத்துக்கு பிளவுஸ் போட்டுக் கொடுத்தேன். 3,500 கொடுத்தார்கள். சாமான் 1,100 ஆயிற்று. தினம் இரண்டரை மணி நேரம் என்று 18 நாள் வேலை. அத்தனை நாளும் முகூர்த்தத் தேதிதான் கண்ணில் நின்றது. நான் செய்வது வீண் செலவா? நகையை அடகு வைக்கலாமா?

— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்றும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. எனக்குக் கவலை அதில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

1,800 ரூபாய் என்பது உங்கள் வருமானத்தில் நூற்றுக்கு நான்கு ரூபாயைக்கூடத் தொடவில்லை. வீட்டுக் கடன் தவறாமல் போகிறது, எஸ்.ஐ.பி. போகிறது, கைமாற்று வாங்கியதாக நீங்கள் எழுதவில்லை. இந்த நூல் உங்கள் குடும்பத்தைக் கவிழ்ப்பதாக இருந்தால் மூன்று வருடத்தில் கவிழ்த்திருக்கும். அதனால் வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் எழுதிய இடம் தப்பு. உங்கள் வீட்டு மளிகை உண்மையில் 9,200 ரூபாய். நோட்டில் 11,000 என்று இருக்கிறது. நாளைக்கு ஒரு நெருக்கடி வந்து, "மளிகையில் ஆயிரம் குறைப்போம்" என்று உங்கள் கணவர் சொன்னால், அவர் நெருக்குவது பருப்பையா சமிக்கியையா என்று அவருக்கே தெரியாது. அப்புறம், அவருடைய ரேடியோவுக்கு உங்கள் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை பாருங்கள். அதுவும் எங்கேயோ ஒளிந்துதான் இருக்கும். பெட்ரோலுக்குள் தேடிப் பாருங்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, நோட்டில் "கைவேலை" என்று ஒரு புது வரி போடுங்கள். மாதம் 2,000 ரூபாய். உங்களுக்கு 1,300, அவருக்கு 700. பணமாக எடுத்துத் தனித்தனிக் கவரில் வைத்துவிடுங்கள். அவரவர் கவரில் இருப்பதற்கு அவரவர் கணக்குச் சொல்ல வேண்டாம். மிச்சமானால் அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம். தீர்ந்துவிட்டால் ஒன்றாம் தேதி வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மளிகையும் பெட்ரோலும் நோட்டில் அவற்றின் உண்மையான அளவுக்கு இறங்கிவிடும்.

1,800-இலிருந்து 1,300-க்கு இறங்குவது கஷ்டமாக இருக்காது. உங்கள் சாமான் டப்பாவைத் திறந்து பாருங்கள். பிரிக்காத மணிப் பாக்கெட்டுகளே இரண்டு மாதத்துக்கு வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டில் விதைப் பாக்கெட்டுகள் அப்படித்தான் கிடக்கின்றன. மாடித்தோட்டம் போட்ட முதல் வருடம் பை, தென்னை நார்க் கழிவு, மண், உரம் என்று 4,200 ரூபாய் செலவு செய்தேன். வருடம் முழுக்கப் பறித்தது ஏறக்குறைய 14 கிலோ கத்திரிக்காயும் தக்காளியும். கிலோ 300 ரூபாய்! ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிற நான் இந்தக் கணக்கைப் போட்டதும், என் மனைவி அன்றைய கத்திரிக்காய்க் கொத்சுவை நகைப் பெட்டியில் வைக்கட்டுமா என்று கேட்டார். நான் தோட்டத்தை மூடவில்லை. காலையில் காபி டம்ளரோடு மாடிக்குப் போய், நேற்று மொட்டாக இருந்தது இன்று பூத்திருப்பதைப் பார்க்க நான் கொடுக்கிற காசு அது. ஆனால் அதைக் காய்கறிக் கணக்கில் எழுதினால் எனக்கு நானே பொய் சொன்னதாக ஆகும்.

சரி, தொழில். சித்தி மகளின் பிளவுஸையே எடுத்துக்கொள்வோம். 3,500-இல் சாமான் 1,100 போக 2,400. பதினெட்டு நாள், தினம் இரண்டரை மணி என்றால் 45 மணி நேரம். மணிக்கு 53 ரூபாய். கண்ணுக்கும் முதுகுக்கும் அதில் எதுவும் போடவில்லை. சொந்தக்காரர்கள் "நீயே ஒரு விலை சொல்லேன்" என்பார்கள். நாமும் கூச்சத்தில் சாமான் காசுக்கு மேல் கொஞ்சம் வைத்துச் சொல்லிவிடுவோம். தொழில் என்றால் அந்தக் கூச்சம் முதலில் போக வேண்டும். இதே வேலைக்கு மணிக்கு 100 ரூபாயாவது வைத்தால் பிளவுஸ் விலை 5,600 ஆகிறது. அந்த விலையைச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா? வந்தால் யோசிக்கலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். மதியம் ஜன்னலோரம் உட்கார்வதைப் பற்றி எழுதியபோது நேரம் போவதே தெரியாது என்றீர்கள். கல்யாண பிளவுஸுக்கு வந்ததும் முகூர்த்தத் தேதி கண்ணில் நின்றது என்கிறீர்கள். அதே ஊசி, அதே ஃப்ரேம்தான். கூலி வாங்கியதும் அது வேறு வேலையாகிவிட்டது.

கம்ப்யூட்டர் மெஷின் விஷயத்தில் உங்கள் நாத்தனார் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த மெஷின் செய்வது ஆரி வேலை அல்ல. ஆரி என்பது கொக்கி ஊசியைத் துணிக்குள் இறக்கி, அடியில் இருக்கும் நூலைக் கையால் மேலே இழுத்துப் போடுவது. மெஷினில் டிசைனை ஏற்றி, நூல் அறுந்தால் கோத்து, ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது நல்ல தொழில்தான், ஆனால் உங்களுக்குப் பிடித்த வேலை அதில் இல்லை. பிடித்த வேலையை விடுவதற்கு 1.5 லட்சம் கடன் வாங்குவானேன்?

அடகுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வட்டி ஆண்டுக்கு 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு வட்டி மட்டும் 16,500. இரண்டு வருடத் தவணையாகக் கட்டினால் மாதம் ஏறக்குறைய 7,000. நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் 44,000. மிச்சம் 2,000. தீபாவளியும் காய்ச்சலும் அந்த இரண்டாயிரத்திலிருந்துதான் வர வேண்டும். மெஷின் வந்த முதல் மாதத்திலிருந்தே அது 7,000 சம்பாதித்தாக வேண்டும் என்பது நடக்கிற காரியமா? நகைக்கடனில் பெரும்பாலும் ஒரு வருடத்தில் அசலும் வட்டியும் சேர்த்து மீட்க வேண்டியிருக்கும். தவறினால் சங்கிலி ஏலத்துக்குப் போகும். உங்கள் டெபாசிட் 60,000 என்பது ஒன்றரை மாதச் செலவுக்குக்கூட வராது. கணவருக்கு வேலையில் ஒரு தடங்கல் வந்தால் கைகொடுக்கப் போவது அந்தச் சங்கிலிதான். அது பெட்டியில் இருக்கட்டும்.

விற்றுப் பார்க்க ஆசை இருந்தால் கடனில்லாமல் பாருங்கள். மூன்று மாதத்துக்கு இரண்டு ஆர்டர், அதற்கு மேல் வேண்டாம். பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகுதான் நூல் வாங்க வேண்டும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாமல் வருகிற வேலையை எடுக்காதீர்கள். வந்த பணத்துக்குத் தனி நோட்டு. ஒரு வருடம் கழித்தும் பிடித்திருந்தால், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அப்போது கடன் தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். ஜி.எஸ்.டி.யை நினைத்துப் பயப்பட வேண்டாம். வாடிக்கையாளரின் துணியில் வேலை செய்து கொடுப்பது சேவை என்ற கணக்கில் வரும். தமிழ்நாட்டில் அதற்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. அந்த நாள் வந்தால் எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காதது. 1,800 ரூபாய் நூலுக்குச் சண்டை போட்ட வீட்டில், தெருச் சீட்டுக்குப் போகிற 3,000 பற்றி ஒரு பேச்சும் இல்லை. எட்டு மாதத்தில் 24,000 ரூபாய் அளவுக்குப் போயிருக்கிறது. சீட்டு தப்பான விஷயம் அல்ல. 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி, நடத்துபவர் முன் அனுமதி வாங்கி, சீட்டைப் பதிவு செய்து, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையும் கொடுக்க வேண்டும். அவருடைய கமிஷனுக்கு 7 சதவீதம் உச்சவரம்பு. "தெருவில் ஒருவரிடம்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதெல்லாம் இருக்குமா என்று சந்தேகமாக இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சீட்டை எடுத்துவிட்டு இரண்டு பேர் கட்டாமல் போனால், அவருடைய நல்ல குணம் உங்கள் பணத்தைத் திருப்பித் தராது.

பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கிக் கேட்க வேண்டாம், "வீட்டுக்காரர் கணக்குப் புத்தகத்தில் எழுதணுமாம்" என்றால் போதும். எண் கொடுத்தால் பதிவுத்துறையில் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகத் தொடருங்கள். மழுப்பினால், ஏலத்தில் விட்டுக்கொடுக்கிற கழிவு கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, அடுத்த ஏலத்திலேயே சீட்டை எடுத்து டெபாசிட்டில் போடுங்கள். மீதி மாதங்களைத் தவறாமல் கட்டி முடியுங்கள். முடிந்த பிறகு அந்த 3,000 தபால் அலுவலக ஆர்.டி.க்குப் போகட்டும்.

கவர்களை எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். சீட்டுக்காரரிடம் இந்த வாரமே போய்வாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.