ஓட்டுரிமை இல்லாத பிள்ளைகள் அரசு முடிவுகளில் கருத்துச் சொல்ல முடியுமா? இணையம் அதற்கு உதவுமா?

தாராளமாக முடியும், அது பெரியவர்கள் மனமிரங்கித் தரும் சலுகையும் இல்லை. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. இந்தியா 1992-இல் இதில் இணைந்துவிட்டது.

சரி, இணையம்? பருவநிலை மாற்றத்தில் பிள்ளைகளுக்காக அரசுகள் என்ன செய்தாக வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 2023-இல் ஒரு விளக்கம் வெளியிட்டது. அதை எழுதும்போது இணையக் கேள்வித்தாள், குழுக் கலந்துரையாடல், நேரடிக் கூட்டம் என்று பல வழிகளில் பிள்ளைகளிடமே கேட்டார்கள். 121 நாடுகளிலிருந்து 16,331 கருத்துகள் வந்தன. இணையம் இல்லாமல் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் இணையத்தை மட்டும் நம்பினால், சொந்தமாக போன் இல்லாத பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, விடுபட்டுப் போவாள். அதனால் கர்நாடகத்தில் பஞ்சாயத்துகள் நடத்தும் மக்கள கிராம சபை (கன்னடத்தில் ‘மக்கள’ என்றால் ‘பிள்ளைகளின்’) போல, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று தலைவர் முகத்துக்கு நேராகவே பிள்ளைகள் கேட்கும் இடமும் கட்டாயம் வேண்டும். அப்புறம், இணையத்தில் கருத்துக் கேட்பவர்கள் பிள்ளையின் படம், பள்ளி, முகவரியை வெளியிடவே கூடாது; சொன்னதில் எதை ஏற்றார்கள், எதை ஏன் விட்டார்கள் என்று அவர்களுக்குத் திரும்பச் சொல்லியாக வேண்டும்.