புது செட் போட்டதிலிருந்து எஃப்எம் எடுக்கவில்லை, உய்ங் சத்தம், பேட்டரியும் இறங்குகிறது. எங்கே தேடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவு: காரில் பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை செட் ஒன்று போட்டீர்கள். அன்றிலிருந்து தூரத்து எஃப்எம் நிலையங்கள் எடுப்பதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'உய்ங்' என்று ஒரு சத்தம் ஏறி இறங்குகிறது. நாலு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் செல்ஃப் அடிக்கப் பேட்டரியில் தெம்பில்லை. பழுது செட்டிலா, ஆன்டெனாவிலா, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவிலா?

மூன்றும் நன்றாகவே இருக்கும் என்பது என் ஊகம். புது செட்டுக்குப் பின்னால் போகும் வயர்களில் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று உண்டு. உங்கள் மூன்று குறைகளும் அந்த மூன்றில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நான் தொழில்முறை எலக்ட்ரீஷியன் இல்லை. இதே சத்தத்தோடு ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தியவன், அவ்வளவுதான்.

முதலில் காதைக் கொடுங்கள், ஸ்க்ரூடிரைவரை அப்புறம் எடுக்கலாம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'உய்ங்' டைனமோவின் சார்ஜிங்கிலிருந்து வருவது. வேகத்தோடு கூடும் 'டிக் டிக் டிக்' என்றால் அது பிளக் பொறி. டீசல் வண்டியில் பொறி பிளக்கே கிடையாது, அதனால் அங்கே அந்தப் பேச்சு வேண்டாம். சாவியைப் போட்டதும் இரண்டு விநாடி முனகிவிட்டு நின்றால் பெட்ரோல் பம்ப். வைப்பர் போட்டால் மட்டும், இண்டிகேட்டர் போட்டால் மட்டும் என்றால் அதுவே தன் பெயரைச் சொல்லிவிடுகிறது. எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்றால் அது இரைச்சலே இல்லை, சிக்னல் போதவில்லை. இரைச்சல் வேறு, சிக்னல் குறைவு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் நான் செய்த முதல் தப்பு.

அடுத்தது, சத்தம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும். ரேடியோவை விட்டுவிட்டு, யுஎஸ்பியில் ஒரு பாட்டைப் போட்டு எஞ்சினை முடுக்குங்கள். அப்போதும் 'உய்ங்' கேட்டால் ஆன்டெனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதிதான் சரி.

என் காரில் அந்தச் சத்தம் வந்தபோது பவர் வயரில் மாட்டும் நாய்ஸ் ஃபில்டர் ஒன்று வாங்கிப் போட்டேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பிறகு ஆன்டெனாவை மாற்றினேன், பிளக் வயர்களை மாற்றினேன். கடைசியில் வால்யூமைக் கூட்டி வைத்து அதை மறக்கப் பழகிவிட்டேன். ஒருநாள் வேறு வேலைக்காக வண்டியை விட்டிருந்த இடத்தில், வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஒன்றும் பேசவில்லை. செட்டை நாலு விரற்கடை வெளியே இழுத்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்த ஆன்டெனா பிளக்கைப் பிடுங்கினார். செட்டே செத்துப்போனது. திரை, விளக்கு, எல்லாம்.

"பாத்தியா தம்பி, உன் செட்டுக்கு எர்த்தே கிடையாது. ஏரியல் வயர் வழியா மூச்சு விட்டுட்டிருக்கு" என்றார்.

விஷயம் இதுதான். ஆன்டெனா வயரின் நடு இழையில் சிக்னல் வரும். அதைச் சுற்றியிருக்கும் கம்பி வலை, கூரையில் ஆன்டெனா அடிப்பாகம் வழியாக வண்டி பாடியோடு சேர்ந்திருக்கும். செட்டின் எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி, கறுப்பு வயர்தான். அதை யாரோ டேஷ்போர்டுக்குள் பெயின்ட் அடித்த பட்டை ஒன்றில் திருகி வைத்திருந்தார்கள். பெயின்ட் மின்சாரத்தை விடாது. பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய கரண்ட் முழுவதும் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய வலை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பாடியில் ஓடும் டைனமோவின் அதிர்வு எல்லாம் அதே வழியாகச் செட்டுக்குள் ஏறி, ரேடியோ போட்டாலும் யுஎஸ்பி போட்டாலும் பாட்டோடு பாட்டாக வந்தது. அவர் ஒரு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வயர் நுனியில் ஒரு வளையம் போட்டு முடுக்கினார். பத்து நிமிடம். சத்தம் போயே போய்விட்டது.

ஆகவே நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். செட் ஓடும்போது ஆன்டெனா பிளக்கை எடுங்கள். செட் அணைந்தாலோ திரை மங்கினாலோ கறுப்பு வயர்தான். அணையவில்லை, ஆனால் 'உய்ங்' மட்டும் நின்றுவிட்டது என்றாலும் எர்த் மேல் சந்தேகத்தை விடாதீர்கள். பாதி கரண்ட் சரியான வழியிலும் பாதி ஆன்டெனா வழியிலும் போவது உண்டு.

இதை மல்டிமீட்டரில் உறுதி செய்யலாம், ஆனால் ஓம் (வயரின் தடை) அளவு வைத்துப் பார்க்காதீர்கள். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் பாக்கியிருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யம் ஓம் என்றே சொல்லும், ஏனென்றால் அது அனுப்பிப் பார்க்கும் கரண்ட் அவ்வளவு சின்னது. வேலை செய்யும்போது அளப்பதுதான் நியாயம். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில், இன்னொரு முனை செட்டின் கறுப்பு வயரில். எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட், ஏசி ஃபேன், பாட்டு எல்லாம் முழுதாக ஓடட்டும். 0.1 வோல்ட் என்றால் பிரச்சினையில்லை. 0.3ஐத் தாண்டினால் எங்கோ மோசமான இணைப்பு இருக்கிறது. அந்த முனையை அப்படியே நகர்த்தி எஞ்சின் பிளாக், பானட் பக்கத்து பாடி என்று தொட்டுக்கொண்டே போனால், எந்த இடத்தில் அளவு எகிறுகிறதோ அதற்கு முந்தின போல்ட்டில் துருவோ பெயின்ட்டோ இருக்கும். வண்டிக்கு டிங்கரிங், பெயின்டிங் நடந்திருந்தால் இது இன்னும் சகஜம்.

எர்த் சுத்தமாக இருந்தும் சத்தம் போகவில்லை என்றால்தான் டைனமோவைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது வழக்கம். (புது வண்டிகள் சிலவற்றில் கணினியே அதைக் கூட்டிக் குறைக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, லைட் எல்லாம் போட்டு அதே இடத்தில் பாருங்கள். 0.1க்குள் இருந்தால் டைனமோ நலம். 0.5க்கு மேல் போனால் உள்ளே ஒரு டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போயிருக்கலாம். மலிவான மீட்டர்களில் சில, டிசியையே ஏசி என்று காட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், அப்போதும் ஏதாவது காட்டினால் அந்த மீட்டரை நம்ப முடியாது.

இனி எஃப்எம். இங்கே என் சந்தேகம் நீல வயர் மேல். இப்போதைய வண்டிகளில் கூரையில் இருக்கும் குட்டைக் கம்பியும் சுறாத்துடுப்பு ஆன்டெனாவும் பெரும்பாலும் தனியாக வேலை செய்யாது. எஃப்எம் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர், அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி இருந்தால்தான் நன்றாக எடுக்கும். குட்டையாக்கியதை ஈடுகட்ட அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பார்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும். பழைய செட் கொடுத்துக்கொண்டிருந்தது. புதிதில் அந்த நீல வயரை டேப் சுற்றி விட்டிருப்பார்கள். பக்கத்து நிலையங்கள் பலமானவை என்பதால் எப்படியோ வந்துவிடும், தூரத்தில் இருப்பவை காணாமல் போகும். உங்கள் கதை அப்படியே இதுதான். சில கார்களில் அந்த 12 வோல்ட் தனி வயரில் போகாமல் ஆன்டெனா வயரின் நடு இழை வழியாகவே போகும். அதற்கு நடுவில் சிறு உருளையும் பக்கவாட்டில் ஒரு நீல வயரும் உள்ள அடாப்டர் வேண்டும். உங்கள் செட்டில் முழு நீலமும், வெள்ளைக் கோடு போட்ட நீலமும் தனித்தனியாக இருந்தால், முழு நீலம் ஆன்டெனாவுக்கு, கோடு போட்டது வெளி ஆம்ப்ளிஃபயருக்கு என்பது பொது வழக்கம். ஆனாலும் செட்டோடு வந்த தாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆன்டெனாவா செட்டா என்று தெரிய ஒரு எளிய வழி இருக்கிறது. 75 சென்டிமீட்டர் சாதாரண வயரை எடுத்து, நுனியைச் சீவி, செட்டின் ஆன்டெனா சாக்கெட்டின் நடு ஓட்டையில் செருகி, மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே விடுங்கள். இப்போது நிலையங்கள் கொட்டினால் செட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், ஆன்டெனாவும் அதன் வயரும்தான் பாக்கி. ஆம்ப்ளிஃபயர் இல்லாத பழைய நீளக் கம்பி என்றால் பிளக்கைக் கழற்றி ஓம் அளவும் பார்க்கலாம்: கம்பிக்கும் நடு முனைக்கும் பூஜ்யத்துக்குப் பக்கம், நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. காட்டினால் உள்ளே தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கிறது.

டிராஃபிக் சிக்னலில் நின்றால் ஒரு நிலையம் கொரகொரக்கிறது, அரை மீட்டர் நகர்ந்தால் சரியாகிறது என்றால் அது பழுதே இல்லை. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. அதே போல டேஷ்கேமின் சார்ஜர், பிறகு மாற்றிய எல்இடி பல்பு இரண்டையும் ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். உள்ளே வேகமாக ஆன் ஆஃப் ஆகும் சுற்று இருப்பதால் சிலது எஃப்எம்மையே விழுங்கிவிடும். டேஷ்கேமின் வயர் பெரும்பாலும் கண்ணாடி ஓரமாகக் கூரைக்கு ஏறி ஆன்டெனாவுக்குப் பக்கத்தில்தான் போகும்.

கடைசியாகப் பேட்டரி. மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும், நேரமும் நிலையங்களும் மறக்காமல் இருக்க. சிவப்பில் சாவி போட்டால் மட்டும் வர வேண்டும். அவசரத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கி, எப்போதும் கரண்ட் உள்ள ஒரே வயரில் கொடுத்துவிடுவார்கள். செட் திரையை அணைத்துவிட்டுத் தூங்குவது போல நடிக்கும், தூங்காது. அரை ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளுக்கு 12 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி நாலு நாளில் காலி, நீங்கள் சொன்ன அதே நாலு நாள். கார் பக்கத்து வயரின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாவியை எடுத்துவிட்டுக் கப்ளரின் (கார் வயர்கள் சேரும் பிளக்கின்) எந்த முனையில் 12 வோல்ட் இருக்கிறது என்று மீட்டரில் பாருங்கள், அதுதான் மஞ்சளுக்கு உரியது.

இதைச் சரிசெய்த பிறகும் பேட்டரி இறங்கினால் கசிவை, அதாவது வண்டி நிற்கும்போதும் பேட்டரியிலிருந்து போகும் கரண்டை, அளக்க வேண்டும். ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், திரும்பச் செருகும்போது தூங்கிய கணினிகள் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். பூட்டி, அரை மணி நேரமாவது விட்டு, ஃபியூஸ் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்தால் போதும். பூஜ்யம் காட்டாத ஃபியூஸில் கரண்ட் ஓடுகிறது. மொத்தக் கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் வழக்கமான அளவு. ஃபியூஸ் எதிலும் இல்லாமல் கசிந்தால் மறுபடி டைனமோ டயோடைத்தான் பார்க்க வேண்டும், இங்கும் அங்கும் ஒரே குற்றவாளி.

செட்டை இழுக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், அளக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்ளலாம். மஞ்சள் உறை போட்ட வயர்கட்டு ஏர்பேக்குடையது, அதில் டெஸ்ட் லேம்ப் வைக்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய வித்தையை யாராவது காட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட் 80ஐத் தாண்டலாம், புது செட்டும் அதோடு போய்விடும்.