கேள்வி-பதில்: முதலில் கேபிள் முனையைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓப்பன் பேக், அதாவது பின்பக்கம் மூடாத ஹெட்போன் பற்றியவை. அவற்றிலும் பாதி, வாங்கிய பிறகு எழுதப்பட்டவை. வாங்குவதற்கு முன்பே எழுதியிருந்தால் உங்கள் பணமும் மிஞ்சியிருக்கும், என் எரிச்சலும் மிஞ்சியிருக்கும். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அண்ணா, நல்ல ஓப்பன் பேக் ஹெட்போன் ஒன்று சொல்லுங்கள். (சேலம்)

கடிதமே இவ்வளவுதான். தம்பி, என்ன கேட்பீர்கள், எதில் செருகிக் கேட்பீர்கள், கண்ணாடி போடுபவரா, கையில் எவ்வளவு இருக்கிறது? நான்கில் ஒன்றுகூட இல்லை. ஜவுளிக்கடையில் போய் "நல்ல துணி ஒன்று கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு நிற்பீர்களா? நான்கையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

சென்ஹைசர் எச்.டி. 600, பையர்டைனமிக் டி.டி. 990 ப்ரோ, ஹைஃபைமேன் சண்டாரா. இந்த மூன்றில் எது? பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரிப் பதிவுகள், கொஞ்சம் எண்பதுகளின் சினிமாப் பாட்டு. வீட்டில் சிறிய ஆம்ப் (ஒலிபெருக்கும் பெட்டி) இருக்கிறது. கண்ணாடி அணிகிறேன். (கும்பகோணம்)

இப்படிக் கேட்டால் பதில் சொல்லக் கை பரபரக்கிறது. வாய்ப்பாட்டுக்கு எச்.டி. 600. 1997-இல் வந்த மாடல், இன்னும் விற்கிறது. குரலும் வயலினும் இருக்கிற நடுப்பகுதியில் அது எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. பாடகர் மூச்சு வாங்குவதும், அவருக்குப் பின்னால் தம்புரா தனியாக ரீங்கரிப்பதும் அப்படியே வரும். குறை என்னவென்றால், 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலிந்துகொண்டே போகும். மிருதங்கத்துக்கு இது பெரிய நஷ்டமில்லை. பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் இருக்கிறது, சினிமாப் பாட்டில் அங்கேதான் குறை தெரியும்.

அந்த அடிப்பகுதி வேண்டுமென்றால் சண்டாரா. தட்டையான மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி தரும் பிளானர் வகை என்பதால் அடிவரை தளராமல் இறங்கும். ஆனால் எடை 370 கிராம், எச்.டி. 600-ஐவிட நூறு கிராமுக்கு மேல் அதிகம். இரண்டரை மணி நேரக் கச்சேரி என்றால் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது உங்கள் உச்சந்தலையும் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

டி.டி. 990 ப்ரோ மூன்றிலும் காதுக்கு மெத்தென்று இருப்பது. அதன் வெல்வெட் மெத்தையில் கண்ணாடிக் காம்பு அழுந்தாமல் உட்காரும். ஒலிதான் தகராறு. 8000 ஹெர்ட்ஸை ஒட்டி அது தூக்கிக் கொடுக்கும். பழைய டேப் பதிவுகளின் இரைச்சல் முன்னால் வந்து நிற்கும், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனால் காதில் ஊசி ஏறும். ஈக்வலைசரில் அந்த இடத்தை ஐந்தாறு டெசிபல் குறைத்தால் சரியாகிவிடும், செலவில்லை. போதாக்குறைக்கு அதன் சுருள் கேபிள் கழற்ற முடியாதது.

எச்.டி. 600 புதிதில் இடுக்கி மாதிரி பிடிக்கும், கண்ணாடிக்காரர்களுக்குப் பொட்டில் வலிக்கும். என்னுடையதை ஒரு கனத்த அகராதியின் மேல் நான்கு இரவு மாட்டி வைத்தேன், இளகியது. அவசரப்பட்டு மேலும் விரித்துவிடாதீர்கள். தளர்ந்ததைத் திரும்ப இறுக்குவது எளிதல்ல.

இரவு ரயிலில் ஓப்பன் பேக் பயன்படுத்தலாமா?

வேண்டாம். எதிர் பெர்த்துக்காரர் டிக்கெட் வாங்கியது தூங்குவதற்கு.

புதிதாக வாங்கிய ஹெட்போனில் பாட்டுக்குப் பின்னால் "உஸ்" என்று தொடர்ந்து சத்தம். மாற்றித் தர மறுக்கிறார்கள். (சென்னை)

மின்விசிறியை அணைத்துவிட்டுக் கேட்டீர்களா? நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மாதம் இரண்டு கடிதமாவது இப்படி வருகிறது. ஓப்பன் பேக் என்றால் ஒலி எழுப்பும் டிரைவருக்குப் பின்னால் சுவர் கிடையாது, வெறும் வலைதான். உள்ளே இருக்கிற ஒலி வெளியே போவதுபோல வெளியே இருப்பது உள்ளே வரும். சீலிங் ஃபேன், குக்கர் விசில், கீழ்வீட்டு மோட்டார், எல்லாம் வரும். டேபிள் ஃபேனை நேராக வலையின் மேல் திருப்பி வைத்தால் காற்றே குமுறும், அதை நானே செய்து ஏமாந்திருக்கிறேன். ஃபேன் இல்லாமல் சென்னையில் உட்கார முடியாது என்றால் விடியற்காலையில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, முன்பும் சொன்னதுதான். ஃபேன் சத்தத்தை அமுக்குவதற்காக ஒலியளவை ஏற்றாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும்.

300 ஓம் ஹெட்போன் செல்போனில் ஓடுமா? ஓம் அதிகம் என்றால் தரம் அதிகம்தானே?

இரண்டாவது கேள்விக்கு: இல்லை. ஓம் என்பது மின்தடையின் அளவு, மதிப்பெண் அல்ல. முதல் கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. எச்.டி. 600-க்கு ஒரு மில்லிவாட்டில் 97 டெசிபல் சொல்கிறார்கள். போனோ, போனில் செருகும் குட்டி அடாப்டரான டாங்கிளோ ஒரு வோல்ட் கொடுத்தால் 300 ஓமில் மூன்று மில்லிவாட் சொச்சம், அதாவது 102 டெசிபல் உச்சம். இக்காலத்துப் பாட்டுக்குப் போதும். மெல்லப் பதிவான பழைய கச்சேரிக்கு ஒலியளவு முழுதாக ஏறியும் போதாமல் நிற்கும். உங்கள் டாங்கிள் அரை வோல்ட்தான் தருகிறது என்றால் இதிலும் ஆறு டெசிபல் போய்விடும். ஆம்ப் வாங்கலாம், பெரிதாக வேண்டாம்.

எச்.டி. 560 எஸ்-க்கு "2.5 மி.மீ. கேபிள்" என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன். பாதிதான் நுழைகிறது. நண்பர்களிடம் ஏ.கே.ஜி. கே 702, சண்டாரா இருக்கின்றன. அந்தக் கேபிள்களும் பொருந்தவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்கிற ஒரே கேபிள் கிடையாதா? (கோயம்புத்தூர்)

கிடையாது. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. உங்கள் மேல் கோபமில்லை, சரி, கொஞ்சம் இருக்கிறது.

ஆம்ப் பக்கத்து முனையைப் பாருங்கள். 6.35 மி.மீ. பிளக் 19-ஆம் நூற்றாண்டில் தொலைபேசி இணைப்பகப் பலகைகளுக்காகப் பிறந்தது. ஆபரேட்டர்கள் கையால் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிய அதே பிளக்கின் அளவுதான் இன்றைக்கும் உங்கள் ஆம்பில். 3.5 மி.மீ. அதன் குட்டி. எந்த நாட்டில் வாங்கினாலும் பொருந்தும். அதே கேபிளின் மறுமுனை, காதுப் பக்கம், அங்கேதான் அராஜகம். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு துளை போட்டுக்கொள்கிறது. ஒரே கம்பெனியே மாடலுக்கு மாடல் மாற்றுகிறது. ஹைஃபைமேன் ஆரம்பத்தில் திருகு முனை வைத்தது, பிறகு 2.5 மி.மீ. என்றது, இப்போது இரு காதுக்கும் 3.5 மி.மீ. பழைய கேபிளை வைத்திருப்பவர் என்ன செய்வது? மாட்டி வைத்து அழகு பார்க்கலாம்.

ஏ.கே.ஜி. கே 702-இல் இருப்பது மினி எக்ஸ்.எல்.ஆர். ஆடிஸி கம்பெனியின் எல்.சி.டி. ஹெட்போன் வரிசையில் இருப்பதும் மினி எக்ஸ்.எல்.ஆர். பெயர் ஒன்று. முன்னதில் மூன்று ஊசி, ஒரு காதுக்கு மட்டும் வரும். பின்னதில் நான்கு ஊசி, இரு காதுக்கும் தனித்தனி. ஒருமுறை கே 702-க்காக ஒரு கடையில் "மினி எக்ஸ்.எல்.ஆர். கேபிள்" என்று கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே பில் போட்டார். வீட்டுக்கு வந்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் நான்கு ஊசி. திருப்பிக் கொடுக்கப் போனபோது "நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மை என்பதுதான் இன்னும் கடுப்பாக இருக்கிறது.

இப்போது உங்கள் 560 எஸ். அதில் 2.5 மி.மீ. சாக்கெட் இருப்பது மேற்பரப்பில் அல்ல, குழிக்குள். பிளக்கை உள்ளே விட்டுச் சற்றுத் திருகினால் பூட்டிக்கொள்ளும். நீங்கள் வாங்கிய கேபிளின் ஊசி 2.5 மி.மீ.தான், அதில் பொய் இல்லை. ஊசிக்குப் பின்னால் கை பிடிக்கிற உலோகக் குழல் தடிமன். அது குழியின் வாயிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது, அதனால்தான் பாதி. விளம்பரத்தில் ஊசியின் அளவை எழுதுகிறார்கள், குழலின் தடிமனை எவரும் எழுதுவதில்லை. தயவுசெய்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் சாக்கெட் உள்ளே பற்றவைத்த ஈயத்திலிருந்து பெயர்ந்துவிடும், அப்புறம் ஹெட்போனே கோளாறாகிவிடும். திருப்பிக் கொடுத்துவிட்டு, விளம்பரத்தில் "எச்.டி. 560 எஸ்" என்று மாடல் பெயரே போட்ட கேபிளை வாங்குங்கள்.

இந்த விஷயத்தில் நான் மனமாரப் பாராட்டுவது எச்.டி. 600 குடும்பத்தை. 600, 650, 660 எஸ், எல்லாவற்றுக்கும் ஒரே இரட்டை ஊசி. கால் நூற்றாண்டு தாண்டியும் மாற்றவில்லை. ஆனால் அதே கம்பெனி எச்.டி. 800-க்கு வேறு முனை வைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எத்தனை முறை எழுதினாலும் திரும்ப எழுதுவேன்: கேபிள் வாங்குமுன் உங்கள் ஹெட்போனின் முனையை விளக்கடியில் பாருங்கள். ஊசியை எண்ணுங்கள், ஒரு காதா இரு காதா என்று பாருங்கள், குழியா மட்டமா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

எச்.டி. 650-க்கு மலிவான மாற்றுக் கேபிள் போட்டேன். பேஸ் காணாமல் போய்விட்டது. பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. கேபிளில் வெள்ளி கலந்திருப்பதால் இப்படியா? (திருச்சி)

வெள்ளியின் மேல் பழி போடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. ஒரு காதின் டிரைவர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. அடிப்பகுதி மெலிந்துபோகும், நடுவில் நிற்க வேண்டிய குரல் தலையைச் சுற்றிப் படரும். சோதிக்க, பழைய மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள். குரல் மூக்குக்கு நேராக வர வேண்டும். வரவில்லை என்றால் இதுதான் காரணம்.

அந்த இரட்டை ஊசியில் ஒன்று மற்றதைவிடத் தடிமன். தலைகீழாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. நீங்கள் வலுக்கட்டாயமாகத் திருப்பிச் செருகியிருந்தால் கழற்றிச் சரியாகப் போடுங்கள். சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள் என்றால் கேபிளைச் செய்தவர் ஈயம் வைக்கும்போது தூங்கியிருக்கிறார்.

நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி திறக்கும் என்கிறார்களே?

ஹெட்போன் பழகுவதைவிட அதிகமாக உங்கள் காது பழகும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள்.

வியர்வையில் காது மெத்தை உரிகிறது. வேறு மெத்தை போட்டால் ஒலி மாறுமா? (தூத்துக்குடி)

உரிவது செயற்கைத் தோல். வெயிலும் கடற்காற்றும் சேர்ந்தால் அதற்கு ஆயுள் குறைவு. வெல்வெட் மெத்தைக்கு மாறுங்கள். கழற்றி, வெதுவெதுப்பான நீரில் துளி சோப்புப் போட்டு அலசி, நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஒலி மாறுமா என்றால் கண்டிப்பாக மாறும். மெத்தை அமுங்கினால் காது டிரைவரை நெருங்கிவிடும், மெத்தையின் துணி மாறினால் பேஸ் மாறும். "முன்பு மாதிரி இல்லை" என்று ஆம்பை மாற்றிக்கொண்டிருந்த ஒருவருக்கு நான் புது மெத்தை போட்டுக் கொடுத்தேன். ஆம்பை விற்றுவிட்டார்.

என் ஆம்பில் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளை இருக்கிறது. ஹெட்போன் கேபிளில் இருப்பது 6.35 மி.மீ. பிளக். அதை அந்தத் துளையில் சேர்ப்பதற்கு ஒரு அடாப்டர் வாங்கலாமா?

கூடாது, கூடாது. பேலன்ஸ்டு துளையில் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி எதிர்முனை உண்டு. சாதாரண 6.35 பிளக்கில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே தரைக் கம்பி. இந்த அடாப்டர் ஆம்பின் இரு எதிர்முனைகளையும் ஒன்றாகக் கட்டிவிடும், ஆம்ப் புகைந்தாலும் ஆச்சரியமில்லை. எதிர்த்திசை பரவாயில்லை, 4.4 கேபிளைச் சாதாரண 6.35 துளையில் போட அடாப்டர் இருக்கிறது. விற்பவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விற்கிறார்கள். இதைப் போன முறையும் எழுதினேன், அடுத்த முறையும் எழுதுவேன் போலிருக்கிறது.

தாத்தாவின் பெட்டியில் மஞ்சள் பஞ்சு வைத்த சென்ஹைசர் ஹெட்போன் ஒன்று கிடைத்தது. எச்.டி. 414 என்று போட்டிருக்கிறது. போனில் போட்டால் முனகுகிறது. பஞ்சு தொட்டாலே உதிர்கிறது. குப்பையில் போடலாமா? (மயிலாடுதுறை)

போட்டீர்களோ, நான் நேரில் வந்து பொறுக்கிக்கொள்வேன். 1968-இல் வந்த எச்.டி. 414-இல்தான் இந்த ஓப்பன் பேக் கதையே தொடங்குகிறது. அதுவரை ஹெட்போன் என்றால் காதை அடைத்து மூடிய கனத்த குண்டான்கள். இது இறகு மாதிரி இருந்தது, பஞ்சு வழியாகக் காற்று போனது. முனகுவது கோளாறில்லை. அந்தக் காலத்து மாடல் 2000 ஓம். போனுக்கு அதைத் தள்ள வோல்ட் போதாது. பழைய ரேடியோவின் ஹெட்போன் துளையிலோ நல்ல ஆம்பிலோ போட்டுப் பாருங்கள். உதிரும் பஞ்சை மெல்ல எடுத்துவிட்டு, துகள் டிரைவருக்குள் போகாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். அதே அளவில் புதுப் பஞ்சு வட்டம் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

வேறு கேபிள் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று படம் அனுப்பியிருக்கிறீர்கள், மூன்றிலும் மஞ்சள் பஞ்சுதான் இருக்கிறது. முனையை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.