மரியன் தீவின் எலிகள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

தெற்கு இந்தியப் பெருங்கடலில் மரியன் என்ற எரிமலைத் தீவில் பறவைகளைக் காப்பாற்ற, ஹெலிகாப்டரிலிருந்து விஷம் தூவி எலிகள் அத்தனையையும் கொல்லப்போகிறார்களாம். சுற்றியுள்ள கடலைப் பாதுகாத்தால் போதாதா? தீவை அதன் போக்கில் விட்டுவிடக் கூடாதா? பாவம் இல்லையா?

க.

அன்புள்ள க.,

கடலுக்கு ஒரு வரி போதும். 2013-ல் தென்னாப்பிரிக்கா அங்கே சுமார் 1,80,000 சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தது, நல்ல காரியம். ஆனால் எலிக்கு அரசிதழ் படிக்கத் தெரியாது.

‘அதன் போக்கில்’ என்கிறீர்களே, அதுதான் என்னைச் சீண்டியது. அந்தச் சுண்டெலி என்ன, எரிமலைக்குள்ளிருந்தா வந்தது? சுமார் 200 வருடங்களுக்கு முன் சீல் (கடல்நாய்) வேட்டைக் கப்பல்களில் வந்திறங்கியது. வானிலை நிலையத்தில் எலித்தொல்லை என்று 1949-ல் ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1970களில் அவை 3,400 வாக்கில் பெருகி, வருடத்துக்கு நாலரை லட்சம் கடற்பறவைகளைத் தின்றன. நோய்க்கிருமி, துப்பாக்கி, பொறி என்று எல்லாம் போட்டு 1991-ல்தான் பூனைகள் ஒழிந்தன. எலி அப்படியே இருந்தது. தீவு வெதுவெதுப்பாக ஆக இன்னும் பெருகியது. பூச்சிகள் குறைந்ததும் பறவைமேல் ஏறியது. இதில் எது ஐயா இயற்கையின் போக்கு?

சின்ன வயதில் ஆச்சி வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுப்போம். சில நாள் காலையில் பார்த்தால் குதிகால் தோல் கொறிபட்டிருக்கும். “எலி ஊதி ஊதிக் கடிக்கும், அதான் உனக்குத் தெரியல” என்பாள் ஆச்சி. மரியன் தீவின் புகைப்படங்களைப் பார்த்தபோது அவள் நினைவுதான் வந்தது. கூட்டில் உட்கார்ந்திருக்கும், அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சு. தலையின் பின்பக்கம் தோல் உரிந்து, சிவப்புச் சதை. ராத்திரி முழுக்க எலி மேலே ஏறிக் கொறித்திருக்கிறது. குஞ்சு எழுந்து ஓடவில்லை. வலிக்காமல் இல்லை. தரையிலிருந்து ஓர் எதிரி வரும் என்பதே அந்த இனத்துக்குப் பழக்கமில்லை. 2023-ல் வளர்ந்த பறவைகளே இப்படிச் செத்துக்கிடந்தன. சிறகு விரித்தால் மூன்று மீட்டர் அகலம்! இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டை இடுகிற பறவை. ‘அலையும் அல்பட்ராஸ்’ (wandering albatross) என்பது இந்த இனத்தின் பெயர்; உலகில் உள்ளவற்றில் நான்கில் ஒரு பங்கு இங்கேதான் குஞ்சு பொரிக்கிறது.

எலிக்காக உருகும் உங்கள் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது, சத்தியமாக. ஆனால் கொண்டுபோய் விட்டவன் மனுஷன். இப்போது பாவம் புண்ணியம் பேசி ஒதுங்கிக்கொண்டால் அதற்குப் பெயர் ஜீவகாருண்யமா? குஞ்சு உயிர் இல்லையா?

சுலபமான வேலை என்றும் சொல்லமாட்டேன். சுமார் 600 டன் விஷ இரையை, எலிக்குப் பசி எடுக்கும் குளிர்காலத்தில், ஒரு முழம் விடாமல் தூவ வேண்டும். ஒரு சினை எலி தப்பினால் அத்தனையும் வீண். தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள கஃப் தீவில் 2021-ல் செய்த முயற்சிக்குப் பிறகும் எலிகள் மிஞ்சிவிட்டன. சில கடற்காக்கைகளும் சேர்ந்து சாகும். ஆனால் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தீவில் முயல், எலி எல்லாவற்றையும் ஒழித்துக் காட்டியிருக்கிறார்கள், 2014-ல் அறிவித்தார்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லவேளை. அடுத்த கடிதத்துக்கு முன் அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.