தேய்ந்துபோன தோற்றம் கொண்ட தடித்த எழுத்துருவை எங்கே, எப்படிப் பயன்படுத்தலாம்?

சுவரொட்டி, டி-ஷர்ட், இசைத்தட்டு உறை என நான்கைந்து சொற்கள் பெரிதாக நிற்கும் இடங்களில் மட்டும். பத்திகளுக்கு வேண்டவே வேண்டாம். சிறிய அளவில் கீறல்கள் எல்லாம் வெறும் அழுக்காகத்தான் தெரியும்.

இந்தத் தோற்றத்தின் வேர் மர அச்சில் இருக்கிறது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் பெருமளவில் செதுக்க வழி கண்டார். பலமுறை அச்சடித்துத் தேய்ந்த கட்டையில் மை சீராக ஒட்டாது. அந்தத் திட்டுத்திட்டான பதிவைத்தான் இப்போதைய எழுத்துருக்கள் பல நகலெடுக்கின்றன. தடிமன் இதற்கு அவசியம். மெல்லிய கோட்டில் கீறல் விழுந்தால் எழுத்தே உடைந்துவிடும்.

போலித்தனம் பிடிபடுவது ஒரே எழுத்து இரண்டு முறை வரும்போது. இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல்! நல்ல எழுத்துருவில் மாற்று வடிவங்கள் இருக்கும்; வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துருவின் கூடுதல் வசதிகளுக்கான ஓபன்டைப் அமைப்பில் அவற்றை இயக்குங்கள். இல்லையென்றால் எழுத்தை அவுட்லைனாக, அதாவது திருத்தக்கூடிய கோட்டு வடிவமாக மாற்றி, ஒன்றின் கீறலைக் கையால் திருத்துங்கள்.

அப்புறம், பின்னணியையும் கரடுமுரடாக்குவது என் ரசனைக்கு மிகை. வினைல் ஸ்டிக்கர் வெட்டுவதாக இருந்தால் இந்த வகையே சரிவராது. அத்தனை நுண்ணிய துணுக்குகளை வெட்டிப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.