கிரிஃபித்துக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

வரும் ஜூன் நீண்ட வார இறுதியில் சிட்னியிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து, நம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஒயின் ஊரான கிரிஃபித் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பாதிப் பேர் மது தொடாதவர்கள். பிள்ளைகளும் வருகிறார்கள். ‘அங்கே வயலும் வாய்க்காலும்தான், ஒயின் தோட்டம் பார்க்கப் பக்கத்திலேயே ஹண்டர் வேலி இருக்கிறதே’ என்கிறார் ஒரு நண்பர். ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிப் போகும் அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா?

ம., சிட்னி

அன்புள்ள ம.,

தாராளமாகப் போங்கள். நண்பர் சொன்ன அந்த வாய்க்காலைப் பார்க்கவே போகலாம். ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழைதான் அங்கே. மரம்பிட்ஜி ஆற்றைப் பெரெம்பெட் தடுப்பணையில் திருப்பி, நிலத்தின் சரிவிலேயே தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். விராஜுரி என்ற பழங்குடி மக்களின் பூர்வீக மண்ணில் 1912இல் இந்தப் பாசனம் தொடங்கியது. 1916இல் கிரிஃபித் ஊரானது. முதலில் சீனிக் ஹில் என்ற மலைமேல் ஏறுங்கள். தண்ணீர் எட்டும் இடம் எது, எட்டாத இடம் எது என்று பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். ஜூன் குளிர்காலம் என்பதால் பராமரிப்புக்காக வாய்க்காலை நிறுத்துவது உண்டு, திராட்சைக் கொடிகளும் மொட்டையாக நிற்கும். ஆனால் ஆரஞ்சு பழுத்திருக்கும்.

அந்த மலையிலேயே ஒரு குகை இருக்கிறது. வலேரியோ ரிசெட்டி என்ற இத்தாலியர் அதில் தனியாக வாழ்ந்து, கல் சுவர் எழுப்பி, தோட்டம் போட்டார். இரண்டாம் உலகப்போரில் அவரையும் பிடித்து முகாமில் அடைத்தார்கள். வெனெட்டோவிலிருந்தும் கலாப்ரியாவிலிருந்தும் வந்த இத்தாலியர்கள்தான் ஊரின் முகத்தையே மாற்றியவர்கள். டி போர்டோலி குடும்பம் 1928இல் பக்கத்துப் பில்புலில் தொடங்கிய ஒயின் ஆலை இன்றும் நடக்கிறது. குடிக்காதவர்களும் அங்கே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: ஒருவகைப் பூஞ்சை திராட்சையைச் சுருங்க வைத்து இனிப்பைச் செறிவாக்குகிறது. அந்தப் பழத்தில்தான் 1982 முதல் ‘நோபிள் ஒன்’ என்ற இனிப்பு ஒயினைச் செய்கிறார்கள்.

ஒயின் ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சுவைக்கூடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பழம் பறிப்பவர்களையும் கொடி கவாத்து செய்பவர்களையும் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இது பெரிய குறை. பஞ்சாபிகள், பசிபிக் தீவுக்காரர்கள், ஆப்கானியர்கள் என்று பலரும் அங்கே உழைக்கிறார்கள். அதற்காகத் தோட்டத்துக்குள் நுழைந்து படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம். ஊர்க் கடைகளில், சாப்பாட்டுக் கடைகளில் நின்று பேசுங்கள்.

நீங்கள் சொல்லும் வார இறுதியில் இன்னொரு நல்ல வாய்ப்பும் உண்டு. வழக்கமாக அப்போதுதான் அங்கே சீக்கியர்களின் ஷஹீதி விளையாட்டு விழா நடக்கும். கபடிதான் அதில் பெரிய ஈர்ப்பு. வருகிற எல்லோருக்கும் லங்கர் என்ற சீக்கியர்களின் பொதுச் சாப்பாடு இலவசம், அதுவும் சைவம். உங்கள் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அறைகள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். விழாத் தேதியை உறுதிசெய்துகொண்டு இப்போதே பதிவு செய்யுங்கள். அப்புறம், லங்கரில் சாப்பிட்டு முடித்ததும் பெரியவர்கள் இரண்டு பேராவது பரிமாறக் கை கொடுங்கள். சீக்கியர் வழக்கப்படி தலையை மூட ஆளுக்கொரு துணியும் எடுத்துப் போங்கள்.